கோல்டு வாக்ஸ் நிலக்காட்சி: எதை வாங்குவது, எதை விடுவது?

ஆயில் கலரோடு கோல்டு வாக்ஸ் (cold wax), அதாவது சூடாக்காமலே பூசும் மெழுகுக் களிம்பு, கலந்து நிலக்காட்சி வரைவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது, என்ன வாங்குவது என்பதைத்தான். நல்ல கேள்வி. இந்த முறையில் பூசுகிற நேரத்தைவிட வழித்தெடுக்கிற நேரம் அதிகம். பூசிய அடுக்கை வழித்து, கீறி, துடைத்து, அடியில் இருப்பதை மேலே கொண்டுவருகிறோம். மேகத்துக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சமும், புல்வெளிக்கு அடியில் தெரியும் செம்மண்ணும் அப்படித்தான் வருகின்றன. ஆகவே பலகையானாலும் வண்ணமானாலும் கத்தியானாலும், ‘வழிப்பதற்கு இது ஒத்துழைக்குமா?’ என்று கேட்டுத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அதிலிருந்து வருபவை.

கேள்வி: மெழுகு என்றதும் அடுப்பு, உருக்கும் பாத்திரம் எல்லாம் வேண்டுமோ என்று தயங்கி நிற்கிறேன். எகிப்தில் உருக்கிய மெழுகால் தீட்டிய பழைய முகங்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதே முறைதானா?

பதில்: இல்லை. நீங்கள் பார்த்தவை ஃபாயும் உருவப்படங்களாக இருக்கும். ரோமானியர் ஆண்ட காலத்து எகிப்தில், கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை, மம்மியின் முகத்தின்மேல் வைப்பதற்காக மரப்பலகையில் தீட்டியவை. அவற்றில் பல, நிறமி கலந்த மெழுகால் ஆனவை. என்காஸ்டிக் என்பது அந்த முறையின் பெயர். இன்றும் என்காஸ்டிக் செய்பவர்கள் மெழுகைச் சூடாக உருக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

கோல்டு வாக்ஸுக்கு அடுப்பு வேண்டாம். தேன்மெழுகைக் கரைப்பானில் கரைத்துக் கொஞ்சம் பிசின் சேர்த்த வெண்மையான களிம்பு அது. கேம்ப்ளின் நிறுவனத்தின் டப்பாவில் தேன்மெழுகும் ஆல்கிட் பிசினும் வாசனையில்லா மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானும் இருக்கின்றன. டோர்லேண்ட்ஸ் என்ற இன்னொரு தயாரிப்பில் பிசினாக டமார் சேர்க்கிறார்கள். டப்பாவிலிருந்து கத்தியால் எடுத்து, ஆயில் கலரோடு பேலட்டில், அதாவது வண்ணம் கலக்கும் தகட்டில், கலந்து, அப்படியே பூசலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மெழுகு இறுகுவது கரைப்பான் ஆவியாவதால். எண்ணெய் இறுகுவது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால். முதலாவது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். இரண்டாவது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தும் உள்ளே மென்மையாக இருக்கும் அந்த இடைக்காலம்தான் வழிப்பதற்கு ஏற்ற காலம்.

கேள்வி: வீட்டில் சட்டமடித்த கேன்வாஸ்கள் நிறைய இருக்கின்றன. அவற்றிலேயே தொடங்கலாமா, அம்மா?

பதில்: தொடங்கலாம், ஆனால் மெழுகைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மெழுகு கலந்த படலத்துக்கு வளைந்து கொடுக்கும் தன்மை குறைவு. இழுத்துக் கட்டிய துணி, கத்தியை அழுத்தும்போதெல்லாம் உள்வாங்கித் திரும்பும். அடுக்கு தடிமனாக இருந்தால் காலப்போக்கில் விரிசல் விடலாம். துணியில் வரைந்தால் மொத்தக் கலவையில் மெழுகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள்.

இன்னொரு சிரமமும் உண்டு. துணியில் அழுத்தி வழித்தால் பின்னாலுள்ள சட்டத்தின் ஓரம் படத்தில் கோடாக விழும். வானத்தை ஒரே இழுப்பில் இழுக்கப்போனால், நடுவில் ஓர் அடிவானம் தானாக முளைத்துவிடும். நீங்கள் கேட்காத இடத்தில்.

நான் பலகையில்தான் வரைகிறேன். பிளைவுட், ஹார்ட்போர்டு, எம்.டி.எஃப். மூன்றுமே சரிவரும். மரக்கடையில் மிஞ்சிய துண்டுகளே பயிற்சிக்குப் போதும். 30 சென்டிமீட்டர் சதுரம் அளவில் தொடங்குங்கள். பக்கம் 60 சென்டிமீட்டரைத் தாண்டினால் பின்னால் மரச்சட்டம் ஒட்டிய பலகை வேண்டும், இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும்.

பலகையைத் தயார் செய்வதில் அவசரம் கூடாது. வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். மரத்திலிருந்து பழுப்பு நிறம் மேலே ஊறாமல் இருக்க முதலில் ஒரு அக்ரிலிக் சீலர் பூசுங்கள். பிறகு ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு, இரண்டு அல்லது மூன்று முறை. பின்பக்கத்தையும் நான்கு ஓரங்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரப்பதம் மாறும்போது வளையும். ஜெஸ்ஸோ முழுதாக உலர ஓரிரு நாள் கொடுங்கள். கடைசிப் பூச்சைக் கண்ணாடிபோல் தேய்த்துவிட வேண்டாம். லேசான சொரசொரப்பு இருந்தால்தான் முதல் அடுக்கு பிடித்து நிற்கும், வழிக்கும்போது பள்ளங்களில் வண்ணம் தங்கும்.

உங்கள் கேன்வாஸ்கள் வீணாக வேண்டியதில்லை. சட்டத்திலிருந்து துணியைக் கழற்றி, பலகையில் பசை போட்டு ஒட்டிவிடுங்கள். துணியின் நெசவும் கிடைக்கும், பலகையின் உறுதியும் கிடைக்கும். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள பருத்தித் தாளில் ஜெஸ்ஸோ பூசி நாலு ஓரமும் டேப் ஒட்டிப் பழகுவதும் நல்ல வழி. படம் நன்றாக வந்துவிட்டால் தாளையும் பலகையில் ஒட்டிப் பாதுகாக்கலாம்.

கேள்வி: 24 டியூப் உள்ள மாணவர் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அது போதுமா? நிலக்காட்சிக்கு எந்தெந்த நிறங்கள் அவசியம்?

பதில்: 24 டியூப்பையும் ஓரமாக வைத்துவிட்டு ஆறு நல்ல டியூப் வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. மாணவர் தர வண்ணத்தில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். அதோடு பாதிக்குப் பாதி மெழுகைக் கலந்தால் மிஞ்சுகிற நிறம் மங்கலாகத்தான் இருக்கும். வழக்கமான ஆயில் ஓவியத்தில் மாணவர் தரத்தை ஓரளவு சமாளிக்கலாம்; மெழுகோடு சேரும்போது அந்தக் குறை இரட்டிப்பாகத் தெரியும்.

என் ஆறு இவை: டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ரா அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரீன் நீலம், ஒரு லெமன் மஞ்சள். வெள்ளை மட்டும் பெரிய டியூப். வானம் வெள்ளையைத் தின்றுவிடும். கறுப்பு வாங்க வேண்டாம். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கிடைக்கும் கருமை, சியன்னா கூடினால் நனைந்த மரப்பட்டை, நீலம் கூடினால் மழை மேகம். பச்சையும் வாங்க வேண்டாம். டியூப் பச்சை, தூரத்து மரத்திலும் கிட்டத்துப் புல்லிலும் ஒரே பச்சையாகவே நிற்கும். அல்ட்ராமரீனோடு ஓக்கர் சேர்ந்தால் அடங்கிய பச்சை, லெமன் சேர்ந்தால் தளிர்ப்பச்சை. தூரம் போகப்போக அதிலேயே நீலமும் வெள்ளையும் கூட்டிக்கொள்ளலாம். தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம், நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பது. ஆகவே மலைக்கென்று தனி நிறம் கிடையாது. இடையில் எவ்வளவு காற்று என்பதைத்தான் கலக்கிறோம். மெழுகு கலந்த மெல்லிய வெள்ளை அடுக்கு அந்தக் காற்றைக் காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டுவதில்லை. பின்னாலுள்ள மலை மறையாமல் பின்வாங்குகிறது. இந்த ஊடகத்தை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு அதுவே முதல் காரணம்.

டியூப் வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், பின்னால் சிறிய எழுத்தில் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். டைட்டானியம் வெள்ளை என்றால் பி.டபிள்யூ. 6, அல்ட்ராமரீன் என்றால் பி.பி. 29. பி.டபிள்யூ. 4 என்பது ஜிங்க் வெள்ளை. ஜிங்க் கலந்த எண்ணெய்ப் படலம் நாளாக ஆக நொறுங்கும் தன்மைக்குப் போகும். நாம் அடுக்கின்மேல் அடுக்கு போடுகிறவர்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. வெள்ளையில் இரண்டு குறியீடும் இருந்தால் ஜிங்க் கலந்திருக்கிறது என்று பொருள். ‘ஹ்யூ’ என்று பெயரோடு ஒட்டியிருந்தால் அந்த நிறமிக்குப் பதிலாக வேறொன்றை வைத்துச் செய்தது. ஒளியைத் தாங்கும் தன்மைக்கு ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் வரிசையில் முதல் இரண்டு நிலைகள் ஓவியத்துக்கு ஏற்றவை. பழைய அலிசரின் கிரிம்சன் சிவப்பு, அதாவது பி.ஆர். 83, வெளுத்துப்போகும். சாயங்கால வானத்துக்குக் குளிர்ந்த சிவப்பு வேண்டுமென்றால் குவினாக்ரிடோன் வாங்குங்கள்.

தாலோ நீலம், தாலோ பச்சை இரண்டும் அழகானவை. ஆனால் ஊசிமுனை அளவு போதும். கூடினால் படம் முழுக்கப் பரவிவிடும். ஆறு நிறம் கைக்குப் பழகிய பிறகு அவற்றைச் சேர்க்கலாம்.

கேள்வி: மெழுகும் வண்ணமும் எந்த விகிதம்? மெழுகை நாமே வீட்டில் காய்ச்சிக்கொள்ளலாமா? நான் கல்லூரி மாணவன், செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

பதில்: கடினமான பலகையில் கண்ணளவாகப் பாதிக்குப் பாதி. பேலட்டில் இரண்டு குவியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும், தராசு வேண்டாம். மெழுகு அதைவிட மிகவும் கூடினால் படலம் மென்மையாகவே நின்றுவிடும், நகம் பட்டாலே வடு விழும். எல்லா அடுக்கிலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். மெழுகு நிறைந்த மென்மையான அடுக்கின்மேல் வெறும் ஆயில் கலரைத் தடிமனாகப் போட்டால், கீழே அசையும், மேலே விறைக்கும், நடுவில் விரிசல் வரும். ஆங்கிலேய ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 18ஆம் நூற்றாண்டில் மெழுகையும் பிசின்களையும் எண்ணெயையும் ஒரே படத்தில் மாற்றி மாற்றி அடுக்கினார். அவருடைய படங்கள் சில அவர் வாழும்போதே வெடித்தன.

காய்ச்சுவது பற்றி: வேண்டாம் தம்பி. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 65 டிகிரி செல்சியஸில். டர்பன்டைன் என்ற கரைப்பானின் ஆவி சுமார் 35 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். பாதுகாப்பானது என்று சொல்லப்படும் வாசனையில்லா மினரல் ஸ்பிரிட்டுக்குக்கூட, தேன்மெழுகு உருகுகிற அதே வெப்பத்தையொட்டித்தான் அந்த எல்லை. உருகிய மெழுகில் கரைப்பானை ஊற்றும்போது பக்கத்தில் ஒரு சுடரோ சூடான மின்னடுப்போ இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். செலவைக் குறைக்க வேறு இடம் இருக்கிறது: மரத்துண்டுப் பலகை, குறைந்த நிறங்கள், பழைய பிளாஸ்டிக் அட்டை. மெழுகை மட்டும் சிறிய டப்பாவாக வாங்கிக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கி வைத்தால் வெகுநாள் வரும்.

கேள்வி: விற்பனைக்கு இருக்கும் கருவிகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. உருளை, சீப்பு, ஸ்குவீஜி, பல வடிவக் கத்திகள். முதலில் எவற்றை வாங்குவது?

பதில்: ஒரு கத்தி, ஒரு ஸ்குவீஜி, ஒரு ரப்பர் உருளை. இந்த மூன்றை வாங்கினால் போதும், மற்றவை வீட்டிலேயே கிடைக்கும்.

கத்தியில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். பிளாஸ்டிக் கத்தியை விட்டுவிடுங்கள். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே படிபோல் வளைந்திருக்கும் எஃகுக் கத்தி வேண்டும். அப்போதுதான் விரல் முட்டி வண்ணத்தில் படாது. அலகின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள்: வளைந்து, விட்டதும் பட்டென்று நேராக வேண்டும். வளையவே வளையாதது சுவர் பூசத்தான் உதவும். வளைந்தபடியே நிற்பது கொஞ்ச நாளில் கோணிவிடும். வைர வடிவ அலகு ஒன்று, விரல் நீளத்துக்கு இருந்தால் நல்லது. அதன் பக்கவாட்டு ஓரத்தால் அடிவானத்தை வெட்டலாம், அடிப்பகுதியால் பாறையின் முகத்தை அப்பலாம், நுனியால் காய்ந்த கிளையை இழுக்கலாம். நான் வைத்திருக்கும் கத்தியின் நுனி தேய்ந்து உருண்டுவிட்டது. புதிதாக வாங்கிய கூர்நுனிக் கத்தி ஒன்று பக்கத்திலேயே கிடக்கிறது. ஆனாலும் மேகத்தின் ஓரத்துக்கு அந்த உருண்ட நுனியைத்தான் கை தேடுகிறது. கூர்நுனி கீறிவிடும், இது தடவும்.

ஸ்குவீஜி என்றால் ரப்பர் அல்லது சிலிகான் விளிம்புள்ள தகடு. கண்ணாடி துடைப்பதும் ஆகும், பாத்திரத்தில் மாவு வழிக்கும் சிலிகான் தகடும் ஆகும். விளிம்பு நேராக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலம் கைக்கு அடங்கும். நிலக்காட்சியில் நீர்நிலைக்கு இதுதான் கருவி. மேலே கரை, மரம், வானம் எல்லாம் போட்ட பிறகு, அதே நிறங்களைக் கீழே திட்டுத்திட்டாக வைத்து, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. கையை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய இடம் அணைபோல் நிற்கும். அதே தகட்டை மேலிருந்து கீழாக, கொஞ்சம் சாய்த்து இழுத்தால் தூரத்தில் பெய்யும் மழை.

உருளையின் பயன் பலருக்குத் தெரிவதில்லை. வண்ணத்தைப் பரப்புவதற்கு மட்டும் அல்ல அது. கீழ் அடுக்கு லேசாக இறுகி மேடுபள்ளமாக நிற்கும்போது, உருளையில் மிகக் குறைவாக வண்ணம் ஏற்றி, அழுத்தாமல் ஓட்டுங்கள். மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். வெயில் பட்ட இலைக்கூட்டமும், அலையின் மினுக்கும் அப்படி வரும். தூரிகையால் ஒவ்வொரு இலையாக வைத்தால் இந்த இயல்பு வராது.

மற்றவை உங்கள் வீட்டில் இருப்பவையே. காலாவதியான பிளாஸ்டிக் அட்டையைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டினால் உழவுச் சால், நாணல். மூங்கில் குச்சி, ஊசி, பழைய சீப்பு எல்லாம் கீறுவதற்கு. வலைத்துணியைப் பதித்து எடுத்தால் வறண்ட நிலத்தின் வெடிப்பு. மெல்லிய காகிதத்தை ஈர அடுக்கின்மேல் வைத்துக் கையால் தடவி உரித்தெடுத்தால் வண்ணம் பாதி போய் மீதி மூடுபனியாக நிற்கும். எண்ணெய்த்தாளை வைத்து உரித்தால் பாசி படிந்ததுபோல் குழம்பிய அமைப்பு கிடைக்கும்.

எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பது கருவியைவிட முக்கியம். பூசிய உடனே வழித்தால் மொத்தமும் வந்துவிடும், துடைத்த இடம் மட்டும் தெரியும். மறுநாள் வாக்கில், விரல் வைத்தால் லேசாக ஒட்டும் நிலையில், கத்தியின் ஓரத்தால் வழித்தால் மேலடுக்கு சுருண்டு வரும், கீழடுக்கு அப்படியே இருக்கும். செம்மண்ணுக்கு மேல் புல் என்றால் முதலில் பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும் பூசி இறுகவிட்டு, அதன்மேல் பச்சையைப் போட்டு இந்த நேரத்துக்குக் காத்திருங்கள். இன்னும் சில நாள் போய்விட்டால் கரைப்பான் தோய்த்த துணியால் தேய்த்துத்தான் உள்ளே போக முடியும். அதுவும் ஒரு வழிதான். ஓரங்கள் கரைந்து, தேய்ந்த பழஞ்சுவர் போன்ற தன்மை வரும்.

பேலட்டுக்குக் கனமான கண்ணாடித் தகடு, அடியில் சாம்பல்நிறக் காகிதம். வேலை முடிந்ததும் பிளேடால் சுரண்டிவிடலாம். கலப்பதைக் கத்தியால் செய்யுங்கள். தூரிகையால் கலந்தால் மெழுகு மயிருக்குள் போய் இறுகிவிடும்.

கேள்வி: அக்ரிலிக் வண்ணத்தோடு இதே மெழுகைக் கலக்கலாமா?

பதில்: கூடாது, சேராது. அடித்தளமாக மெல்லிய அக்ரிலிக் பூச்சு போட்டு உலரவிட்டு, அதன்மேல் ஆயிலும் மெழுகும் போடலாம். மெழுகின்மேல் அக்ரிலிக் ஒட்டாது, உரிந்துவரும்.

கேள்வி: ஒரே அறையில்தான் வரைவது, தூங்குவது எல்லாம். எனக்கு மூச்சிரைப்பும் உண்டு. வாசனையே இல்லாத கரைப்பான் என்று போட்டிருப்பதை வாங்கினால் பயமில்லைதானே?

பதில்: வாசனை இல்லை என்பதால் ஆவி இல்லை என்று ஆகாது. மூக்குக்குத் தெரியாமல் ஆவி காற்றில் கலந்துகொண்டுதான் இருக்கும். கரைப்பான் பாட்டிலைத் திறக்காவிட்டாலும், மெழுகுக் களிம்பிலேயே கரைப்பான் இருக்கிறது. பலகையில் பூசியது இறுகுவதே அது அறைக்குள் வெளியேறுவதால்தான். மூச்சிரைப்பு உள்ளவர் தூங்கும் அறையில் இதைச் செய்யக் கூடாது. பலகையை உலரவிடுவதும் அங்கே கூடாது. முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் திறந்த தாழ்வாரம், மொட்டைமாடி போன்ற இடத்தில் சிறிய பலகையில் செய்து, அங்கேயே உலரவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் கரைப்பானே இல்லாமல், ஆயில் கலரும் கத்தியும் மட்டும் வைத்து அழகான நிலக்காட்சிகள் வரையலாம். கத்தியைச் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டால் சுத்தமாகிவிடும்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நைட்ரைல் கையுறை போடுங்கள். கரைப்பான் தோல் வழியாகவும் போகும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹீட் கன்னையோ முடி உலர்த்தியையோ காட்டாதீர்கள். ஆயில் கலரில் உள்ள ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடவே போடாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் உண்டாகும், கசங்கிய துணிக்குள் அது வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: வரைகிற இடத்து மண்ணையே எடுத்துக் கலந்தால் படத்துக்கு உயிர் வருமா?

பதில்: வரும், நானும் செய்கிறேன். ஓக்கரும் சியன்னாவும் அம்பரும் அடிப்படையில் மண்தானே. நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. ஆனால் அள்ளிய மண்ணில் வேர், இலைச் சருகு, உப்பு எல்லாம் இருக்கும். தண்ணீரில் கரைத்து, மேலே மிதப்பதைக் கொட்டி, பலமுறை அலசி, நன்றாக உலர்த்திச் சலித்த பிறகே கலக்க வேண்டும். ஈரம் துளியும் கூடாது. மணலும் அப்படித்தான்.

கலவைக்குத் தடிமன் கூட்டுவதற்கு மட்டும் என்றால் சலவைக்கல் தூள் நல்லது. நிறத்தை மாற்றாது, கலவையை இறுக்கும், பாறைக்கும் இடிந்த கரைக்கும் ஏற்ற கரடு தரும். அளவோடு போடுங்கள், தூளைச் சுற்றிப் பிடிக்க எண்ணெய் போதாவிட்டால் காய்ந்தபின் உதிரும். எந்தத் தூளைக் கையாண்டாலும் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூளைக் கலவைக்குள் அமிழ்த்தும்வரை கழற்றாதீர்கள். காய்ந்த படத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும் வேண்டாம்.

கேள்வி: பூசி வாரக்கணக்காகியும் ஒரு பகுதி மட்டும் பிசுபிசுவென்று இருக்கிறது. மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டது. மெழுகு கெட்டுவிட்டதா?

பதில்: மெழுகின்மேல் பழியில்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பகுதி அந்திவானத்தின் சிவப்பு என்றும், அதற்கு அடியில் ஆயில் பாஸ்டலால் கோடு போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் பாஸ்டல்தான். ஆயில் பாஸ்டலில் உள்ள எண்ணெய் காயாத வகை. எத்தனை மாதம் வைத்தாலும் இறுகாது. அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். கோடு வேண்டுமென்றால் ஆயில் ஸ்டிக் வாங்குங்கள். பெயர் நெருக்கமாக இருந்தாலும் அது வேறு பொருள்: காயும் எண்ணெயும் மெழுகும் நிறமியும் சேர்ந்தது, படத்தோடு சேர்ந்து இறுகும்.

நிறமிக்கு நிறமி காயும் வேகமும் மாறும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது முந்திக்கொள்ளும். குவினாக்ரிடோன், காட்மியம், ஐவரி பிளாக் போன்றவை பிந்தும். குசும்பா எண்ணெயில் அரைத்த வெள்ளையும் மெதுவாகவே காயும். அதனால் வேகமாகக் காயும் மண்நிறங்கள் அடியிலும், மெதுவானவை மேலேயும் வருவதுபோல் திட்டமிடுங்கள். அவசரம் இருந்தால் கலவையில் சில துளி ஆல்கிட் மீடியம் சேர்க்கலாம். கொஞ்சம் பளபளப்பு கூடும்; ஈரப் பாறைக்கும் நீருக்கும் அது பொருத்தமே.

கேள்வி: வெளியில் எடுத்துப்போய் நேரில் பார்த்து வரையலாமா?

பதில்: முழுப்படத்தையும் அங்கேயே முடிக்க நினைக்காதீர்கள். இறுகுவதற்குக் காத்திருக்கும் வேலை இது. நான் எடுத்துப்போவது சிறு பலகைகள், ஒரு கத்தி, மூடியுள்ள சிறு டப்பாவில் முன்பே மெழுகோடு கலந்த நான்கைந்து நிறங்கள். வெளிச்சமும் பெரிய வடிவங்களும் கிடைத்தால் போதும், வழிப்பது பட்டறையில். டப்பாவை வெயிலில் வைக்க வேண்டாம், இளகி ஓடும். ஈரப் பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வர, மூலைகளில் தக்கை வைத்துக் கட்டுங்கள்.

கேள்வி: முடித்த படத்துக்கு வார்னிஷ் அடிக்கலாமா? கண்ணாடி போட வேண்டுமா?

பதில்: வழக்கமான வார்னிஷில் கரைப்பான் இருக்கிறது. மெழுகு எத்தனை காலம் ஆனாலும் கரைப்பானில் கரையக்கூடியது. தூரிகை பட்டதும் மேற்பரப்பு இளகிக் கலங்கிவிடும். வார்னிஷ் வேண்டாம். படம் நன்றாக இறுகியபின், கோல்டு வாக்ஸை மட்டும் மிக மெல்லியதாகத் துணியால் தடவி, மறுநாள் பஞ்சு உதிராத துணியால் மெதுவாகத் தேய்த்தால் பட்டு போன்ற அடங்கிய ஒளி வரும். அடர்ந்த கருமை கொஞ்சம் வெளிறித் தெரிவது இந்தப் பளபளப்பில்லாத பரப்பின் இயல்பு. இந்தத் தேய்ப்பில் அதுவும் ஓரளவு ஆழப்படும்.

பலகையில் வரைந்ததற்குக் கண்ணாடி தேவையில்லை. படத்தின் ஓரம் மறையாமல் சுற்றிலும் சிறு இடைவெளி விடும் சட்டம் இதற்குப் பொருத்தம். நாலு ஓரத்திலும் தெரியும் அடுக்குகள்கூடப் பார்க்க அழகானவை. தாளில் வரைந்து கண்ணாடி போட்டால், கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் இடைவெளி இருக்கட்டும். நேர் வெயில் விழும் சுவரும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பதும் ஆகாது. தூசி படிந்தால் மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம்.

பலகையின் பின்பக்கத்தில் ‘ஆயிலும் கோல்டு வாக்ஸும், வார்னிஷ் இல்லை, கரைப்பானால் துடைக்கக் கூடாது’ என்று ஆண்டோடு எழுதிவையுங்கள். நாளை இதைச் சுத்தம் செய்ய எடுப்பவர் சாதாரண ஆயில் ஓவியம் என்று நினைத்துக் கரைப்பானைத் தொட்டால், நீங்கள் பார்த்துப் பார்த்து வழித்தெடுத்த அடுக்கெல்லாம் அவர் துணியோடு போய்விடும்.